4294967297 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். புது வகுப்பு தொடங்கும்போது 4294967297 என்று பலகையில் எழுதிவிட்டு, "இது முதன்மை எண்ணா?" என்று கேட்பது என் வழக்கம். கல்குலேட்டரும் போனும் பைக்குள்ளே போய்விட வேண்டும். கேள்வி வகுப்போடு நிற்பதில்லை. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு தகப்பன்மார் கேட்கிறார்கள், போன் கடைத் தம்பி கேட்கிறார், சம்மாந்துறையிலிருந்து வரும் பிள்ளையின் மூத்தவாப்பா நெல்லோடு சேர்த்துக் கேட்கிறார். அப்படி வந்தவற்றுக்கான பதில்கள்தான் இவை.

இதை எப்படி வாசிப்பது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. வங்கிக் கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் 4.29 பில்லியன் என்று வைத்துக்கொள்ளலாம்.

போன் நம்பர் மாதிரி இருக்கிறதே, எங்கிருந்து எடுத்தீர்கள்?

பத்து இலக்கம் என்பதால் அப்படித் தெரிகிறது. 2 ஐ 32 தடவை பெருக்கி வரும் விடையோடு 1 ஐக் கூட்டினால் இந்த எண். சுருக்கமாக 2³² + 1.

இதற்கு முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். 2 + 1 = 3. 2² + 1 = 5. 2⁴ + 1 = 17. 2⁸ + 1 = 257. 2¹⁶ + 1 = 65537. சுட்டி, அதாவது 2 இன் தலையில் நிற்கும் சிறிய எண், ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது. இந்த ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்தது 32. அதனால்தான் பலகையில் இந்த எண்.

பிரான்சில் துலூஸ் நகரத்தில் நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் டி பேர்மா, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர். இந்த வரிசை முழுவதும் முதன்மை எண்களாகவே போகும் என்று 1640 இல் பிரெனிக்கிள் என்பவருக்குக் கடிதம் எழுதினார். சரியான நிறுவல் கையில் இல்லை என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிட்டார். இந்த வகை எண்களுக்குப் பேர்மா எண்கள் என்று பெயர்.

அப்ப முதன்மை எண்ணா, இல்லையா?

இல்லை. சேர்த்தி எண். 4294967297 = 641 × 6700417.

நம்ப வேண்டாம், வகுத்துப் பாருங்கள். 4294 இல் 641 ஆறு தடவை, மீதி 448. அடுத்த இலக்கம் 9 ஐ இறக்கினால் 4489. ஏழு தடவை, 4487 போக மீதி 2. 6 ஐ இறக்கினால் 26, போகாது, 0. 7 ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது, 0. 2 ஐ இறக்கினால் 2672. நாலு தடவை, மீதி 108. 9 ஐ இறக்கினால் 1089. ஒரு தடவை, மீதி 448. முதல் அடியில் வந்த அதே 448 மறுபடி வந்து நிற்கிறது. கடைசி 7 ஐ இறக்கினால் 4487. முன்பு 4489 இல் 2 மிஞ்சியது. இந்த முறை சரியாக ஏழு தடவை, மிச்சம் ஒன்றுமில்லை. ஈவு 6700417.

பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு சத்தம் போடுவார்கள். அதற்காகவே நான் இந்த எண்ணை மாற்றுவதில்லை.

641 என்று யார் கண்டுபிடித்தது? எப்படி?

லெயோனார்ட் ஓயிலர் என்ற கணித மேதை. கோல்ட்பாக் என்ற நண்பர் 1729 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், பேர்மா சொன்ன இந்த விடயம் தெரியுமா என்று கேட்டுவைத்தார். ஓயிலர் முதலில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. 1732 இல் விடையோடு வந்தார்.

ஓயிலர் பெரிய மனக்கணக்குக்காரர் என்பதால் சும்மா வகுத்துக்கொண்டே போய் 641 இல் முட்டிக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536 ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. எண் முதன்மையாகவே இருந்திருந்தால் அத்தனையாலும் வகுத்துப் பார்த்த பிறகுதான் கையை விட முடியும். 641 என்பது 116 ஆவது முதன்மை எண். ஒவ்வொன்றாகப் போனால் 116 தடவை வகுக்க வேண்டும்.

ஓயிலர் அந்த வழியில் போகவில்லை. இந்த எண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண் எதுவானாலும், அதிலிருந்து 1 ஐக் கழித்தால் 64 இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிக்கொண்டு, முதன்மை அல்லாதவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் விடை.

64 எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டிய பதில் இது.

நம் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் ஒரு முதன்மை எண்ணை 'ப' என்போம். 2³² + 1 ஐ அது வகுக்கிறது என்றால், 2³² ஐ ப ஆல் வகுக்கும்போது மீதி −1 (ப இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு என்று பொருள்). வர்க்கித்தால் 2⁶⁴ க்கு மீதி 1.

இனி 2, 4, 8, 16 என்று 2 இன் வலுக்களை வரிசையாக எடுத்து, ப ஆல் வகுத்து, மீதிகளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். 1 என்ற மீதி எப்போது முதல் தடவையாக வரும்? ஒரு தடவை 1 வந்தால் அதன் பிறகு பழைய மீதிகளே அதே ஒழுங்கில் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே முதல் 1 வரும் இடம் 64 இன் ஒரு காரணி. 64 க்குக் குறைந்த காரணி எதுவானாலும் அது 32 ஐயும் வகுக்கும். அப்படியானால் 32 ஆவது இடத்திலும் 1 இருக்க வேண்டும். அங்கே இருப்பதோ −1. எனவே சுற்று சரியாக 64 அடி நீளம். 1 வரும் இடங்கள் எல்லாம் 64 இன் மடங்குகள்.

பேர்மாவின் சிறு தேற்றம் என்ற ஒன்று, 2 இன் (ப − 1) ஆவது வலுவுக்கும் மீதி 1 என்கிறது. ஆகவே ப − 1 என்பது 64 இன் மடங்கு. அவ்வளவுதான்.

128 என்றும் ஒரு புத்தகத்தில் பார்த்தேன் சேர். எது சரி?

இரண்டும். 128 பின்னால் வந்த திருத்தம். 1878 இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. 256 ஐ 65535 ஆல் பெருக்கினால் 16776960. அதை வர்க்கித்து நம் எண்ணால் வகுத்தால் மீதி 2 வரும். அதாவது மீதிகளின் உலகத்தில் இது 2 இன் வர்க்கமூலமாக நடந்துகொள்கிறது. 2 க்குச் சுற்று 64 அடி என்றால் இதற்கு 128 அடி. மிச்சத்தை மேலே சொன்னபடியே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. முதன்மை எண்கள் 257, 641 இரண்டு மட்டும். 257 தானே ஒரு பேர்மா எண், அது நம் எண்ணை வகுக்காது (ஏன் என்பது கீழே வருகிறது). ஆக முதல் வகுத்தலே 641. 6542 இலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டோம். இத்தனைக்கும் கணினி எதுவும் இல்லை.

நீளமாக வகுக்காமல் 641 போகும் என்று காட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த நிறுவல். 641 ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதலாவது 5 × 2⁷ + 1. இரண்டாவது 5⁴ + 2⁴.

641 ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ க்கு மீதி −1. நாலாம் வலு எடுத்தால் 5⁴ × 2²⁸ க்கு மீதி 1. ஆனால் 5⁴ இன் மீதியும் −2⁴ இன் மீதியும் ஒன்றுதான். மாற்றிப் போடுங்கள்: −2⁴ × 2²⁸, அதாவது −2³² க்கு மீதி 1. ஆகவே 2³² + 1 க்கு மீதி 0.

நாலு வரி. பேனையை எடுக்காமல் தலைக்குள்ளேயே செய்துவிடலாம். வாவிக் கரையில் காத்து வாங்கிக்கொண்டு செய்து பார்க்கச் சொல்லி அனுப்புவேன்.

பேர்மா ஏன் கோட்டை விட்டார்?

யாருக்குத் தெரியும்! ஆனால் ஒரு விடயம் உறுத்துகிறது. மேலே சொன்ன சிறு தேற்றத்தை அவர் அதே 1640 இல், அதே பிரெனிக்கிளுக்கு, ஒக்டோபர் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கருவி அவர் செய்தது, பூட்டும் அவர் போட்டது. 193, 257, 449, 577, 641 என்று ஐந்து தடவை வகுத்திருந்தால் விடயம் அன்றைக்கே முடிந்திருக்கும். பல வகுத்திகளை விலக்கிவிட்டேன் என்று கடிதத்தில் சொல்கிறார், அதனால் முயற்சித்திருக்கிறார். என் எண்ணம், எங்கேயோ ஒரு கழித்தலில் தவறியிருக்க வேண்டும். பிறகு ஐந்து நல்ல உதாரணங்கள் கொடுத்த துணிவில் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனைத்தாளில் விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளைத் திட்டும்போது நான் இவரை இழுப்பதுண்டு.

6700417 ஐ இன்னும் உடைக்கலாமா?

முடியாது, அது முதன்மை எண். இதையும் கையாலேயே காட்டலாம், பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதை வகுக்கும் எதுவும் நம் பெரிய எண்ணையும் வகுக்கும் என்பதால், 128 விதி இங்கேயும் செல்லும். 2588 க்குள் அந்த விதிக்கு உட்பட்ட முதன்மை எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை. முடிந்தது.

ஏழு இலக்க எண் ஒன்று முதன்மை என்று ஐந்து வகுத்தலில் நிறுவியாகிவிட்டது. வேறு ஒரு ஏழு இலக்க எண்ணை எழுந்தமானமாகக் கொடுத்தால் இப்படி முடியாது. 2³² + 1 என்ற வடிவம் இருப்பதால்தான் இந்தச் சலுகை.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று ஏதோ சொன்னீர்களாமே?

ஓம், அது தனி அழகு. நம் எண் 65536² + 1² என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இன்னொரு விதமாகவும் எழுதலாம்: 62264² + 20449². கூட்டிப் பாருங்கள், 3876805696 உம் 418161601 உம் சேர்ந்து அதே எண். 20449 தானும் ஒரு நிறைவர்க்கம், 143².

நாலால் வகுத்தால் 1 மிஞ்சும் முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். இரண்டு விதம் கிடைத்தால் அது முதன்மை இல்லை என்று அர்த்தம். ஆக, காரணி ஒன்றையும் தெரியாமலே ஆளைப் பிடித்துவிட்டோம்.

காரணியையும் இதிலிருந்தே கறக்கலாம். 65536 − 62264 = 3272. 20449 − 1 = 20448. இரண்டின் பொதுக் காரணிகளுள் பெரியது (பொ.கா.பெ.) 8. இனிக் கழித்தலுக்குப் பதில் கூட்டுங்கள்: 127800, 20450. இவற்றின் பொ.கா.பெ. 50. எட்டில் பாதி 4, ஐம்பதில் பாதி 25. 4² + 25² = 16 + 625 = 641.

இதை முதல் தடவை செய்தபோது பிள்ளைகளுக்கு முன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மற்றக் காரணியும் இதே சாதி: 2556² + 409² = 6700417.

இதற்கு எத்தனை காரணிகள்?

நாலு: 1, 641, 6700417, தான். கூட்டினால் 4301668356. தன்னை விட்டுவிட்டுக் கூட்டினால் 6701059, எண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எண் பெரிது என்பதற்காகக் காரணிகள் நிறைய இருக்கும் என்று நினைக்கக்கூடாது. மட்டக்களப்பின் அஞ்சல் குறியீடு 30000 ஐப் பாருங்கள், 2⁴ × 3 × 5⁴, அதற்கு 50 காரணிகள்.

நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்றால் 640 × 6700416 = 4288266240. கிட்டத்தட்ட எல்லாமே.

பரீட்சைக்கு வருமா சேர்?

வராது மகன்.

இலக்கங்களைக் கூட்டினால் 5 வருகிறதே. இது நல்ல நம்பரா?

இந்தக் கேள்வி எனக்கு வாகனம் வாங்கப் போகிறவர்களிடமிருந்து வரும். கூட்டினால் 59, பிறகு 14, பிறகு 5. அந்த 5 சொல்வது ஒரே ஒரு விடயம்: இந்த எண்ணை 9 ஆல் வகுத்தால் 5 மிஞ்சும். அதிலிருந்து 3 ஆலும் 9 ஆலும் போகாது என்று தெரிகிறது. 7 ஆல் வகுத்தாலும், 11 ஆல் வகுத்தாலும்கூட 5 தான் மிஞ்சும், அது தற்செயல். யோகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நல்ல பிரேக் இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

முதன்மை எண்ணா என்று பார்க்கக் குறுக்குவழிச் சோதனை இருக்கிறதாமே?

இருக்கிறது, இந்த எண் அதை ஏமாற்றிவிடும். சிறு தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, "2 ஐ எண்ணிலிருந்து ஒன்று குறைந்த வலுவுக்கு உயர்த்தி வகு, மீதி 1 என்றால் முதன்மையாக இருக்கலாம்" என்று ஒரு சோதனை. நம் எண்ணுக்கு 2⁶⁴ இலேயே மீதி 1 வந்துவிடுகிறது. ஒன்று குறைந்த எண் 2³², அது 64 இன் மடங்கு. ஆகவே மீதி 1, சோதனையில் சித்தி! ஆனால் ஆள் போலி. பேர்மா எண்கள் எல்லாமே இந்தச் சோதனையில் சித்தியடையும், முதன்மையோ இல்லையோ.

2 க்குப் பதில் 3 ஐப் போட வேண்டும். 1877 இல் பெப்பான் என்ற பாதிரியார் கொடுத்த சோதனை: 3 ஐ 2³¹ ஆவது வலுவுக்கு உயர்த்தி வகுத்தால், முதன்மை எண்ணுக்கு மீதி −1 வந்தே தீரும். இங்கே வருவது 10324303. அகப்பட்டுவிட்டது. வலுவைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 3 ஐ 31 தடவை வர்க்கித்து, ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தம்பி? (சம்மாந்துறையிலிருந்து)

உண்டு, நல்ல சம்பந்தம். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம், முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நாலு என்று இரட்டிப்பாகக் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பலகையில் 64 கட்டம். சரி பாதி, 32 கட்டம் நிரப்பினால் மொத்தம் 2³² − 1, அதாவது 4294967295 மணி. நம் எண்ணுக்கு இரண்டு மணிதான் குறைவு.

ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால், இது 107 தொன்னுக்குக் கொஞ்சம் மேலே. மூட்டை 65 கிலோ என்றால் ஏறத்தாழ 1650 மூட்டை. ஏக்கருக்கு 25 மூட்டை விளைந்தால் 66 ஏக்கர் வெள்ளாமை. அம்பாறைப் பக்கத்தில் ஒரு பெரிய போடியார் பெரும்போகத்தில் கொடுத்துவிடக்கூடிய நெல்தான். அரசன் பாதிப் பலகை வரை சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பான்.

மற்றப் பாதியில்தான் ஆபத்து. முழுப் பலகைக்கு 18446744073709551615 மணி, அதே கணக்கில் சுமார் 46,000 கோடி தொன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் நெல் நூறு கோடி தொன்னைக்கூடத் தொடுவதில்லை. இந்த எண்ணுக்கும் இரண்டைக் கூட்டினால் அடுத்த பேர்மா எண், 2⁶⁴ + 1.

4294967295 என்ற எண்ணைப் போன் கடையில் பார்த்திருக்கிறேன் அண்ணன். அது ஏன்?

32 பிட்டுக்குள், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களுக்குள், எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. கல்யாண வீடியோவைப் பழைய முறையில் போர்மட் செய்த பென் டிரைவில் ஏற்றும்போது, இடம் நிறைய இருந்தும் "பைல் பெரிது" என்று மறுக்கிறதல்லவா? ஃபேட்32 முறையில் ஒரு பைல் 4294967295 பைட்டுக்கு மேலே போக முடியாது. அளவை எழுதி வைக்கும் இடத்தில் 32 பிட் மட்டும்தான் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரி, முதலில் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பழைய முறை இணைய முகவரிகளும் இப்படித்தான், மொத்தம் 4294967296. உலகத்து ஆட்கள் தொகைக்கே காணாது. மைய இருப்பில் மிஞ்சிய கடைசித் தொகுதிகளை 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள்.

நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளுக்கு ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்காகப் போய்விடுவதால், எல்லை 2147483647 செக்கன். 1970 ஆரம்பத்திலிருந்து எண்ணினால் நம் நாட்டு நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனோடு அது நிரம்பும். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு. 2147483647 முதன்மை எண்தான் என்பதை நிறுவியவரும் ஓயிலரே.

4294967295 ஐ உடைத்தால்?

3 × 5 × 17 × 257 × 65537. பேர்மாவின் ஐந்து முதன்மை எண்களும், ஒன்று விடாமல்.

எந்தப் பேர்மா எண்ணிலிருந்தும் 2 ஐக் கழித்தால் அதற்கு முந்தியவை எல்லாவற்றினதும் பெருக்கம் கிடைக்கும். 17 − 2 = 15 = 3 × 5. 257 − 2 = 255 = 3 × 5 × 17. 257 நம் எண்ணை வகுக்காது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்: 257 ஆல் வகுத்தால் 2 மிஞ்சும். இப்படியே எந்த இரண்டு பேர்மா எண்களுக்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புது முதன்மைக் காரணியைக் கொண்டுவரவேண்டும், வரிசைக்கு முடிவில்லை, ஆகவே முதன்மை எண்களுக்கும் முடிவில்லை. கோல்ட்பாக் 1730 இல் ஓயிலருக்கு எழுதியது இந்த யோசனையைத்தான்.

இன்னொரு வேடிக்கை. 1796 இல் கவுஸ் என்ற ஜேர்மன் கணித மேதை, பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே, 17 பக்கம் கொண்ட ஒழுங்கான பல்கோணியை வரைகோலாலும் கவராயத்தாலும் வரையலாம் என்று காட்டினார். பேர்மா முதன்மை எண்களை ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் பெருக்கி வரும் பக்க எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே 4294967295 பக்கப் பல்கோணியை வரையலாம்! நம் 4294967297 பக்கத்தை வரைய முடியாது. 65537 பக்கத்துக்கே ஹேர்மஸ் என்ற ஜேர்மன் ஆசிரியர் பத்து வருடம் உழைத்து, கையெழுத்துப் பிரதியைக் கோட்டிங்கனில் ஒப்படைத்தார்.

வங்கி அப்பில் இருக்கும் பூட்டும் இப்படிப்பட்ட எண்தானா?

வகை ஒன்று, அளவு வேறு. 1977 இல் வந்த ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, பெருக்கத்தை ஊருக்குக் காட்டி, காரணிகளை ஒளித்து வைப்பார்கள். இப்போது பரவலாக இருக்கும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கம். நம் எண்ணுக்குப் பத்து, அதிலும் ஒரு காரணி மூன்று இலக்கம். பூட்டுக்கு உதவாது. ஆனால் நம் எண்ணுக்கு முந்திய பேர்மா எண் 65537 அந்த முறையில் உண்மையாகவே வேலை செய்கிறது. பூட்டும் பக்கத்துச் சுட்டியாகப் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள்.

அடுத்தடுத்த பேர்மா எண்கள்?

2⁶⁴ + 1 = 274177 × 67280421310721. லாண்ட்ரி என்பவர் 1880 இல், 82 வயதில், வெளியிட்டது. ஓயிலருக்கும் இவருக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு. அதற்கடுத்தது 1970 வரை கணினிக்காகக் காத்திருந்தது. 65537 க்குப் பிறகு இன்னொரு பேர்மா முதன்மை எண்ணை இதுவரை ஒருவரும் காணவில்லை. சுட்டி 2³² வரை போகும் எண்கள் எல்லாமே சேர்த்தி எண்கள் என்று தெரியும். சுட்டி 2³³ ஆக இருக்கும் எண்ணிலிருந்து கேள்வி திறந்தே இருக்கிறது. அந்த எண்ணை எழுதினால் 250 கோடிக்கும் மேலே இலக்கம்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று தாருங்கள்.

1 ஐ 641 ஆல் வகுத்துத் தசமத்தில் எழுதுங்கள். 32 இலக்கத்தில் திரும்பிவிடும். திரும்பியதும் முதல் 16 இலக்கத்தையும் அடுத்த 16 இலக்கத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். பதினாறும் 9 ஆக வரவேண்டும். வந்தால், 10¹⁶ + 1 ஐயும் 641 வகுக்கும் என்று காட்டுங்கள். வராவிட்டால் எங்கேயோ ஒரு கழித்தல் பிழைத்திருக்கிறது.